பஸ்ஸுக்கு ஓடாதவளின் முழங்கால்

நடந்தவை, வரிசையாக:

1. காலை ஓட்டத்தின்போது, பின்னால் வந்த பஸ்ஸில், ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் ஏறினேன்.
2. வலது பாதம் சரளைக் கல்லில் ஊன்றி நிற்க, உடம்பு திரும்பியது. நடுவில் இருந்த முழங்கால் முறுக்கிக்கொண்டது.
3. மதியத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. காலை நீட்ட முடியவில்லை.
4. ஏற்காட்டில் ஊசி போட்டார்கள், சேலத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்றதும் எல்லாரும் நிம்மதியானோம். அவசரப்பட்டுவிட்டோம்.
5. அப்பா பஸ் முதலாளியிடம் போய், கண்டக்டர் விசிலை முந்தி அடித்ததால்தான் நான் விழுந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.
6. முழங்காலைத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்தார்கள்.
7. கண்டக்டரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

முழங்கால் ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று என்னிடம் இதுவரை நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறாவதைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழாவது இல்லாமல் ஆறாவது முழுமையாகவில்லை.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். ஏற்காடு கடைவீதியில் ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் பிளான் வரைகிறேன். வீடு வெள்ளக்கடையில், பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒரு வளைவுக்கு அப்பால். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நடுவில் ஆரஞ்சு. பாலிடெக்னிக்கில் படித்தபோது விளையாட்டு விழாவில் பெண்கள் ஓட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். ஓடினேன். பிடித்துப்போனது. படிப்பு முடிந்த பிறகும் விடவில்லை. சேலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பத்து கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில் இரண்டு முறை கலந்துகொண்டேன். இரண்டாவது முறை ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அந்த டம்ளரில்தான் அப்பா தினமும் காப்பி குடிக்கிறார். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரியும். என் கேன்வாஸ் ஷூவைத் துவைத்து அடுப்பு மேட்டில் காயவைப்பது அம்மாதான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைச்சுமையோடு மலை ஏறுவார்கள், இறங்குவார்கள். ஓடமாட்டார்கள். ஒரு பெண் ரோட்டில் ஓடினால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். நான் ஓடத் தொடங்கிய முதல் வாரமே எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஏங் கண்ணு, ஊட்டுல யாருக்கு என்ன? டாக்டரக் கூப்புடவா ஓடற?" என்று பதறினார்கள். இல்லை என்றேன். அவர்களில் ஒருத்தி நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அன்று மாலை வீட்டுக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நான் ஒரு மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே ஒரு துண்டு, கொஞ்சம் சில்லறை. பை இருந்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. இது நல்ல ஏற்பாடு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இதில் ஒரே ஒரு குறை இருந்தது. பஸ்ஸுக்கு ஓடுகிறவளைப் பார்த்தால் பஸ் நிற்கும். எங்கள் மலையில் எந்த டிரைவரும் ஓடி வருகிறவரை விட்டுவிட்டுப் போகமாட்டார். செம்மநத்தம் பக்கமிருந்து வந்து ஏற்காடு வழியாகச் சேலம் போகும் முதல் பஸ் எனக்குப் பின்னால் வந்து நிற்கும். கண்டக்டர் அன்வர் பாய் படியில் தொங்கிக்கொண்டு கை நீட்டுவார். ஏற்காடு கடைவீதியில் அவருக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. நாற்பத்தைந்து வயதிருக்கும். "வா கண்ணு, வா, மெதுவா" என்பார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளே தெரிந்த முகங்கள் இருக்கும். ஏறி, டிக்கெட் வாங்கி, ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து திரும்பி ஓடுவேன். பஸ் போன பிறகு கிளம்பலாம் என்று நேரத்தைத் தள்ளினேன். பஸ்ஸும் தாமதமாக வந்தது. இன்னும் தள்ளினேன். அதுவும் தள்ளி வந்தது. இந்த வண்டிக்கு ஒழுங்கே கிடையாது என்று அலுவலகத்தில் ஒருநாள் சத்தமாகவே திட்டினேன்.

விழுந்த அன்று இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். பஸ் பின்னால் வந்தது. வேகம் குறைந்து, என் பக்கத்தில் உருண்டு வந்தது. அது முழுக்க நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நிற்பதற்கு முன்பே ஏறிவிடலாம் என்று கம்பியைப் பிடித்து இடது காலைப் படியில் வைத்தேன். வலது கால் தரையில் மாட்டிக்கொண்டது. விசில் அடித்ததே நான் விழுந்த பிறகுதான்.

சேலத்தில் எனக்கு ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டரின் நர்ஸிங் ஹோம் ஒரு மாடி வீடு. கீழே கூடத்தில் இரண்டு நீள பெஞ்சு. மாடு உதைத்தவர், தறிக்குழியில் வழுக்கியவர், லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டும்போது கை நசுங்கியவர் என்று எல்லாரும் வேலையில் அடிபட்டவர்களாக இருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னிடம், "உனக்கு எப்படிம்மா?" என்று கேட்டார். "பஸ்ல" என்று அப்பா பதில் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாரும் பஸ்காரர்களைத் திட்டினார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும். எனக்குக் கிழிந்தது எலும்பு அல்ல. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன, ரப்பர் போன்ற குருத்தெலும்பு. ஓடும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அவைதான். அதில் உள்பக்கத்து மெத்தை நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த துண்டு நடுவில் போய் மாட்டிக்கொண்டது. கதவிடுக்கில் துணி சிக்கினால் கதவு சாத்தாது, அதுபோல என் கால் நீளவில்லை. டாக்டர் காலை மடக்கி, பாதத்தைத் திருப்பி, மெல்ல நீட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. சத்தம் எனக்கே கேட்டது. பிறகு தடித்த ஊசியால் மூட்டிலிருந்து ரத்தத்தை இழுத்தார். வலியைவிட அதன் நிறம் பயமாக இருந்தது. ஆனால் இழுத்ததும் இறுக்கம் குறைந்தது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று எழுதலாம்.

மெட்ராஸில் சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தே எடுக்கிறார்களாம், இங்கே திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்பா என்னைப் பார்த்தார். இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அப்பா காப்பி வாங்கப் போயிருந்தபோது டாக்டர் என் காலை நீவிப் பார்த்துவிட்டு, பெருவிரல் நகத்தைக் காட்டினார்.

"இது எப்படிக் கறுத்துச்சு?"

"கல் இடிச்சுதுங்க."

"ரெண்டு கால்லயுமா?"

நான் இடது பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஷூ சின்னதா இருந்து, இறக்கத்துல ரொம்ப நாள் ஓடினா நகம் இப்படி ஆகும். எவ்வளவு தூரம் ஓடுவீங்க?"

சொன்னேன். முழங்காலில் இரண்டு மாதமாகவே வலி இருந்ததையும் சொன்னேன். அப்பா முன்னால் இல்லை என்று சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். "அது முதல்லயே தேஞ்சிருக்கு. பஸ் கடைசியா வந்தது, அவ்வளவுதான்" என்றார்.

ஆபரேஷன் முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லாமல் போனது போல இருக்கும். கால் தூக்கி வைக்கப்படுவது தெரியும், அது யாருடைய கால் என்று தெரியாது. முழு நேரமும் விழித்திருந்தேன். கம்பவுண்டரும் டாக்டரும் தக்காளி விலை பற்றிப் பேசினார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிந்தைய நாட்களில் கஷ்டமாக இருந்தது வலி அல்ல. மலஜலத்துக்குக் கட்டிலிலேயே பெட்பேன் வைப்பார்கள். இருபத்து நான்கு வயதில் அம்மா என் பாவாடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி நிற்பாள். வேறு எதையோ கேட்பது போல, "பக்கத்து ஊட்டுக்காரிகிட்ட கோழியப் பாக்கச் சொல்லிட்டு வந்தேன், பாத்தாளோ என்னவோ" என்பாள். தினமும் அதே கோழி. நானும் தினமும் பார்த்திருப்பாள் என்று சொல்வேன்.

ஆபரேஷன் ஆன மூன்றாவது நாள் அன்வர் பாய் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. நான் அவரை எப்போதும் காக்கியில்தான் பார்த்திருக்கிறேன். அன்று கைலியும் வெள்ளைச் சட்டையும்.

"வலி தேவலையா கண்ணு?"

"பரவால்லீங்க பாய். இன்னிக்கு வண்டிக்குப் போகலீங்களா?"

"லீவு" என்றார். ஆரஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். "நீ கம்பியப் புடிச்சதப் பாத்தேன். ஏறிட்டன்னு நெனச்சுட்டேன் போல. விசில் எப்ப அடிச்சேன்னே நெனப்பு வரமாட்டேங்குது சாமி. ராவெல்லாம் அதையேதான் நெனைக்கறேன்."

"நீங்க முந்தி அடிக்கலீங்க. நான்தான் வண்டி நிக்கறதுக்குள்ள ஏறுனேன்."

"அது என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற."

"நான் பஸ்ஸுக்கே ஓடலீங்க பாய். சும்மா ஓடுனேன். தெனமும் ஓடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஊசி மருந்து இன்னும் தலையில் இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். "சரி கண்ணு, தூங்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போன பிறகு அம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள்: "லீவெல்லாம் இல்ல. உங்கப்பா போய்ப் பேசினதுல மொதலாளி வண்டியேற வேண்டாம்னுட்டாராம். நம்ம ஊட்டுல இருந்து ஒரு வார்த்த வந்தாத்தான் ஏத்துவாராம்."

அந்த ஆரஞ்சை என்னால் சாப்பிட முடியவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன்.

"பஸ்ஸுக்கு ஓடலைன்னா பின்ன எதுக்கு ஓடுன?"

"சும்மாங்கப்பா."

"சும்மான்னா?"

பந்தயத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. பந்தயம் ஆண்டுக்கு ஒருநாள். மற்ற நாளெல்லாம் எதற்கு ஓடினேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கூலிக்கு மலை ஏறுகிற பெண்கள் இருக்கிற ரோட்டில், எதற்கும் இல்லாமல் ஓடி, அதில் ஒரு காலையும் கெடுத்துக்கொண்டு, ஒரு மனிதருடைய வேலையையும் கெடுத்திருக்கிறேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அம்மாதான் பேசினாள். "ஏனுங்க, அவ தெனமும் ஓடறதுதானுங்க. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அப்பா வெகுநேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "நான் அத்தன பேரு முன்னால போய்ச் சத்தம் போட்டுட்டு வந்தேன். இப்ப எம்புள்ள சும்மா ஓடுச்சுன்னு போய்ச் சொன்னா என்னைய என்னன்னு நெனப்பாங்க? நாளைக்குப் பொண்ணு பாக்க வரவன் என்னன்னு நெனப்பான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"நீங்க வேண்டாமுங்கப்பா. நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

தையல் பிரிக்கும்வரை அங்கேயே இருந்தேன். அந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொடைத் தசையை இறுக்குவது. கால் மடங்கக் கூடாது, ஆனால் தசை மறக்கவும் கூடாது. இறுக்கு என்று மனம் சொல்லும், தொடை அசையாமல் கிடக்கும். சொந்தத் தசை சொன்ன பேச்சுக் கேட்காமல் போவது ஒரு விநோதமான பயம். ஐந்தாவது நாள் லேசாகத் துடித்தது. நர்ஸ் கையை வைத்துப் பார்த்து, "வந்துருச்சு, வந்துருச்சு" என்றாள். பிரசவ வார்டு போல இருக்கிறது என்று அம்மா சிரித்தாள்.

அந்த இரண்டு வாரத்தில் அன்வர் பாய் இன்னும் இரண்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் நான் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் என் நல்ல மனசை மெச்சினார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மலைக்குப் போகும் முன் பஸ் முதலாளியின் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், டயர் கடைக்கு மேலே ஒரு அறை. கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து படி ஏறினேன். அப்பா டீக்கடையில் நின்றுகொண்டார். உள்ளே முதலாளி, ஒரு கணக்கர், இரண்டு டிரைவர்கள். மூலையில் ஸ்டூலில் அன்வர் பாய். ஏதாவது மாற்று வேலை கிடைக்குமா என்று தினமும் வந்து உட்கார்ந்திருப்பாராம்.

என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்று, விசில் தவறல்ல. இரண்டு, நான் ஓடும் வண்டியில் ஏறினேன். மூன்று, நான் பஸ்ஸுக்காக ஓடவில்லை. மூன்றாவது வரை நன்றாகத்தான் சொன்னேன்.

முதலாளி நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னார். "பாய் உன்னைய வந்து பாத்தான்னு கேள்விப்பட்டேன். அழுதிருப்பான். எளகிட்ட. அது தப்பில்ல கண்ணு. ஆனா வயசுப்புள்ள கால் சமாச்சாரம். நான் அப்படி உட்ற முடியாது."

"அழுகலீங்க. நான் நெசத்தைச் சொல்றேனுங்க."

"பஸ்ஸுக்கு இல்லாம ஒரு பொம்பளப்புள்ள விடியால கைல பையோட எதுக்கு ஓடும்? நீயே சொல்லு."

பையைப் பற்றி விளக்க வேண்டியிருந்தது. வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்காமல் இருக்க, பஸ்ஸுக்குப் போவது போல் தெரிய, என்று சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. கணக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஜன்னல் ஓரம் நின்ற டிரைவர், எங்கள் பஸ்ஸின் டிரைவர்தான், மெதுவாகக் கேட்டார். "அப்ப நீ லேட்டா வரலியா?"

"எதுக்குங்க?"

"தெனமும் நீ வண்டிய உட்டுப்போட்டு ஓடற மாதிரியே இருக்கும். பாவம், அந்தப் புள்ள ஊட்டுல கடியாரம் இல்ல போல, வேல போயிரும், கொஞ்சம் பாத்து எடுங்கம்பாரு பாய். வெள்ளக்கடைல நிறுத்தி பீடி பத்த வெச்சுக்கிட்டு நிப்போம். நீ வரவர இன்னும் லேட்டாக்கிட்ட. நாங்களும் லேட்டா எடுத்தோம். ஏற்காட்டுல டீ குடிக்கற நேரத்த அதுல கழிச்சுக்குவோம்."

ஒழுங்கில்லாத வண்டி என்று நான் திட்டிய வண்டி, எனக்காக நின்றுகொண்டிருந்தது. நான் அதனிடமிருந்து தப்பிக்கத் தப்பிக்க அது எனக்காக இன்னும் கொஞ்சம் காத்திருந்தது.

முதலாளி அப்போதும் நம்பாதவராக அன்வர் பாயைப் பார்த்தார். வாசலில் நிழல் தெரிந்தது. அப்பா மேலே வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"புள்ள சொல்றது நெசந்தானுங்க. அது தெனமும் ஓடும். பந்தயத்துக்கெல்லாம் போயிருக்குதுன்னு அவங்கம்மா சொன்னா. நான்தான் தெரியாம வந்து பேசிட்டேன். அவருமேல ஒண்ணுமில்லீங்க."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வண்டி ஏறலாம் என்று முதலாளி சொன்னார். அன்வர் பாய் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"அப்ப எதுக்குக் கண்ணு ஏறுன?"

"நீங்க நிறுத்துனீங்களே பாய்."

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். கணக்கரும் சிரித்தார். அன்வர் பாய் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "தல ஆட்டியிருந்தா போயிருப்பேனே" என்றார் அவர். படியில் இறங்கும்போது அப்பா எனக்கு முன்னால், ஒவ்வொரு படியிலும் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே இறங்கினார். தொடவில்லை.

வீட்டில் மூன்று மாதம் ரெக்ஸின் பையில் மணல் கட்டிக் காலைத் தூக்கினேன். முழங்கால் மடிவதை வாரம் ஒருமுறை அலுவலகக் கோணமானியால் அளந்தேன். முதலில் செங்கோணம்கூட வரவில்லை. படிக்கட்டில் ஏறுவது முன்னால் வரும், இறங்குவது பின்னால்தான் வரும். குந்தி உட்கார்வது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: தொடையை விடாதீர்கள், முழங்கால் தானாகப் பின்னால் வரும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எலும்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலி இருந்ததா என்று டாக்டர் கேட்டால், பக்கத்தில் யார் இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள்.

இப்போதைய நிலை இது. ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். முழங்கால் ஏறக்குறைய முழுதும் மடங்குகிறது. வலது தொடை இடதைவிட இன்னும் மெலிவு. சமதளத்தில், ஏரிப் பக்கம், கால் மணி நேரம் மெதுவாக ஓடுகிறேன். இறக்கத்தில் நடக்கிறேன். மெத்தை இல்லாத முழங்கால் பிற்காலத்தில் தேயும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், எப்போது என்று சொல்லவில்லை. இந்த ஆண்டுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. அன்வர் பாய் அதே வண்டியில்தான் இருக்கிறார். வேலையில்லாமல் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் இதுவரை கேட்கவில்லை.